நடு வரிசைக் கண்மலர்

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. நமசிவாயம் மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து இதே வேலைதான். யாராவது கவனித்திருந்தால், நெஞ்சுவலிக்காரர் எதற்குக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று யோசித்திருப்பார்கள். ஊர் ஊராகச் சேர்த்த நேர்த்திக்கடன் பொருள்களை வைத்திருக்கும் வீட்டு ஷோகேஸின் சாவி அது. காலையில் ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, திலகவதி செருப்பைக் காலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள், அப்போது அவர் விறுவிறுவென்று உள்ளே போய் அந்த ஷோகேஸைத் திறந்தார். எடுத்துவிடலாம் என்றுதான் திறந்தார், சத்தியமாக எடுத்துவிடலாம் என்றுதான். கையைக்கூட உள்ளே விட்டார். விட்ட கை என்ன செய்தது? ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த கிரேக்கத் தகட்டை நேராக்கியது. அப்புறம் ஒரு யோசனை: நடு வரிசையிலிருந்து அந்தக் கண்மலரை எடுத்தால் பல் விழுந்த வாய் மாதிரி தெரியுமே, அந்த இடத்தில் யாரை வைப்பது, மெக்ஸிகோக்காரனை நகர்த்தலாமா, அவன் பொடியன், எடுபடமாட்டான். கட்டின மனைவியைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வண்டி நிற்கிறது, ஐயா வரிசை அழகு பார்க்கிறார். "என்னங்க, நேரமாச்சு" என்று அவள் குரல் கொடுத்ததும் திருட்டுப் பூனையாய்ப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். ஆட்டோ உறையூர் கடைத்தெருவைத் தாண்டும்போது, வெளியே, தன் கண்ணுக்குத் தெரியாத தெருவைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "மூணு வருஷம் முன்ன மஞ்சத் துணியில முடிஞ்சு குடுத்தனே, சமயபுரத்துல போட்டுட்டீங்கதானே?" ஆட்டோ குலுங்கியது. "போட்டாச்சு, போட்டாச்சு" என்றார். இரண்டு தடவை சொன்னார். உண்மையாகவே போட்டிருந்தால் ஒரு தடவை போதும்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம், சொன்னதை நம்பிவிடுவாள். குறுக்கு விசாரணை செய்கிற மனைவி வாய்த்திருந்தால் எப்போதோ மாட்டிக்கொண்டிருப்பார், ஒரு வாரம் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். இப்போது உள்ளே பச்சைத் துணி போர்த்திப் படுத்திருக்கிறாள். சர்க்கரை வலது கண்ணை முழுங்கிவிட்டது, அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும், பகலா இரவா என்று சொல்லலாம், அவ்வளவுதான். மிச்சம் இருந்தது இடது கண். அதற்குள்ளும் ரத்தம் கசிந்து, முதலில் தண்ணீரில் விழுந்த தலைமுடி மாதிரி ஒரு கோடு மிதக்கிறது என்றாள், பிறகு புகை என்றாள், பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டாள். அந்த ரத்தத்தை எடுக்கத்தான் இந்த ஆபரேஷன். டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகப் பேசினாள். நல்லா வந்தா பேப்பர் படிக்கலாம், சுமாரா வந்தா ஆள் அடையாளம் தெரியும், வராமலும் போகலாம். எத்தனை சதவீதம் என்று இவர் கேட்டார். "சார் இன்ஜினீயரா?" என்று அவள் சிரித்தாள். இன்ஜினீயர்தான், பாய்லர் கம்பெனியில் நாடு நாடாகப் போய் பாய்லரை ஓட்டிக் காட்டிவிட்டு வந்தவர். பாய்லருக்குச் சதவீதம் உண்டு. நல்லா வந்தா பேப்பர் படிக்கலாம். பேப்பர் படிக்கலாம் என்றால் ஷோகேஸையும், என்று ஆரம்பித்த நினைப்பை அங்கேயே நிறுத்தி, தலைக்கு மேல் ஓடிய ஃபேனின் கரகரப்பைக் கவனித்தார். பேரிங் போய்விட்டது. எண்ணெய் விட்டால் போதும். யாரும் விடமாட்டார்கள்.

"உள்ள யாருங்கய்யா, வீட்டம்மாவா?" என்று பக்கத்து நாற்காலி கேட்டது. ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய குங்குமம், மடியில் வயர்கூடை. "ஆமா" என்றார். அவ்வளவு போதாதா, அவள் தன் கதையை எடுத்துவிட்டாள். பெயர் செல்லாயி. ஊர் லால்குடிக்கு அந்தப் பக்கம். புருஷனுக்குக் கண்ணில் கரும்புச் சோகை கிழித்துவிட்டது. "கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டுய்யா வெட்டுய்யான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கண்ணாடி போட்டா ஊரு சிரிக்குமாம். இப்ப யாரு சிரிக்கிறா?" கோபமாகத்தான் சொன்னாள், கண் கலங்கியது. முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "ஆத்தாளுக்கு ஒரு ரூவா முடிஞ்சு வச்சிருக்கேன். கண்ணு தெரிஞ்சதும் வெள்ளியில கண்மலர் போடுறேன்னு வேண்டுதல். நீங்க ஏதும் வேண்டிக்கிட்டிங்களா?" நமசிவாயம் ம் என்றும் இல்லாமல் ம்ஹூம் என்றும் இல்லாமல் ஒரு சத்தம் போட்டார். "வேண்டிக்கங்கய்யா. ஆனா வெள்ளியிலயே போட்ருங்க. எங்க நாத்தனா சிக்கனம் புடிச்சவ, தகரத்துல வாங்கிப் போட்டுட்டு வந்தா. ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

தகரம்தான். கோயில் வாசல் கடையில் அட்டையில் குத்தி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள், மெஷினில் அடித்தது, காற்றடித்தால் படபடக்கும். "யாருக்குங்க கண்ணு?" என்று கடைக்காரி கேட்டாள். "வீட்டுல" என்றார் இவர். வேறு யாருக்கு? திலகவதி வேண்டுதல் முடிச்சைக் கையில் கொடுத்தபோது யாருக்கு எதற்கு என்று சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு ஊசி கோக்க முடியாமல் போயிருந்தது, சாம்பாரில் ஒரு நாள் சர்க்கரை விழுந்திருந்தது, இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? நீயும் வாயேன் என்றதற்கு முழங்கால் வலிக்குது, நீங்களே போட்டுட்டு வாங்க என்றாள். அதுவும் பெயர் என்னவோ நமசிவாயம், கோயிலுக்குப் போனால் கும்பிடும் ஆள் இல்லை, தூண் எந்தக் காலத்தது என்று தடவிப் பார்க்கும் ஆள் என்று தெரிந்தும் கொடுத்தாள். வண்டியை நிறுத்திவிட்டு, சும்மா, என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று மஞ்சள் துணியை அவிழ்த்தார். அவிழ்த்திருக்கவே கூடாது. அவிழ்க்காமல் கொண்டுபோய்ப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்த நாற்காலியில் வெறும் கவலையோடு உட்கார்ந்திருப்பார், வெறும் கவலை எவ்வளவு சுகமான விஷயம். துணிக்குள் இரண்டு வெள்ளிக் கண்கள். அவள் அம்மா வீட்டுப் பெட்டியைப் பிரித்தபோது அவள் பங்குக்கு வந்தவை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவரிடம் காட்டியதில்லை. காட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் காட்டவில்லையோ என்னவோ. கையால் தட்டியது. புருவம் தனியாகத் தட்டி ஒட்டியிருந்தது. ஒரு கண் மற்றதைவிட ஒரு இழை பெரிது, மனுஷக் கண் அப்படித்தானே இருக்கும். கண்பாப்பாவின் ஓரத்தில் சின்னச் சின்னதாய் உளியால் கீறிய கோடுகள். கார் கண்ணாடி வழியாக வந்த வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அவருக்கு வாயில் எச்சில் ஊறியது. எச்சில்தான், பக்தி இல்லை.

அப்போது மனசுக்குள் ஒரு பேச்சு ஓடியது, இன்றைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. உண்டியலில் போட்டால் என்ன ஆகும்? மொத்தமாகக் கொட்டி உருக்கிவிடுவார்கள். எந்தத் தட்டான் எந்தத் தெருவில் உட்கார்ந்து தட்டினானோ, அவன் கைவேலை ஒரே நிமிஷத்தில் கட்டியாகிவிடும். அதைவிட அடியேன் காப்பாற்றினால் என்ன? காப்பாற்றுவது என்கிற சொல் இருக்கிறதே, சேகரிக்கிறவன் கையில் அகப்பட்ட மாதிரி அது வேறு யார் கையிலும் அகப்பட்டதில்லை. கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய மரத்தொட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் காப்பாற்றினேன் என்றுதான் சொன்னார். மரத்திலிருந்து பறிக்கவில்லை, மழையில் விழுந்து கிடந்தது. விழுந்து கிடந்தால் எடுத்து மறுபடி கட்ட வேண்டியதுதானே என்று திலகவதி கேட்டாள். அவளுக்கு அதெல்லாம் புரியாது என்று அன்றைக்கு நினைத்தார். நினைத்தது மட்டுமா, வெளியே சொல்லவும் சொன்னார். அவள் அந்தத் தொட்டிலைத் துடைத்து, எவளோ கட்டியிருந்த சின்ன சீலைத் துண்டை அலசிக் காயப்போட்டு, மறுபடி அதிலேயே போட்டு வைத்தாள். பிள்ளை பிறந்துச்சோ என்னவோ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எல்லாம் ஆரம்பித்தது ஏதென்ஸில். லிபியாவில் பாய்லர் வேலை முடிந்து திரும்பும் வழியில் இரண்டு நாள் தங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பழைய குழாய், பூட்டு, உடைந்த கடிகாரம் எல்லாம் தரையில் பரப்பியிருந்தான் ஒரு கிழவன். நடுவே ஒரு சின்னத் தகடு, அதில் இரண்டு கண்கள் புடைத்துக்கொண்டு நின்றன. "அடடே, நம்ம சமயபுரம்!" என்று தமிழில் கத்திவிட்டார். கிழவன் சிரித்தான். அங்கேயும் அப்படித்தானாம், கண் நோவென்றால் கண், கால் நோவென்றால் கால், தகட்டில் அடித்து மாதாவுக்கு மாட்டுவார்களாம். அந்தச் சந்தோஷம் உண்மையான சந்தோஷம், அதில் கபடம் இல்லை, அதை இப்போதும் யார் கேட்டாலும் சொல்லுவார். உலகம் முழுக்க வலிக்கிற இடம் ஒன்றுதான், அதைச் செய்துகாட்டிக் கேட்கிற வழியும் ஒன்றுதான் என்று அந்தத் தெருவில் நின்று புல்லரித்துப் போனார். அதற்கப்புறம் போன இடமெல்லாம் அதே தேடல். மெக்ஸிகோவின் நகம் அளவு கால், சிவப்பு நூல் இன்னும் கட்டியபடி. லிஸ்பனில் ஒரு கடையில் கிடைத்த பிரேசில் மரத்தலை, நெற்றியில் வெட்டுக் காயத்தைக் கத்தியால் கீறிக் காட்டியிருப்பான். நேப்பிள்ஸின் வெள்ளி இதயம். கண் என்கிற எழுத்தை நேராக ஒன்று, திருப்பி ஒன்று எழுதிய ஜப்பான் மரப்பலகை. ஒவ்வொன்றாக வந்து இறங்க இறங்க, முன்னறை கையும் காலும் கண்ணும் தலையுமாக நிறைந்தது. திலகவதி அதற்கு வைத்த பெயர் ஆஸ்பத்திரி. உங்க ஆஸ்பத்திரியத் துடைச்சுட்டேன் என்பாள். உங்க ஆஸ்பத்திரியில பல்லி போகுது பாருங்க என்பாள். ஒரு நாள் அந்த மெக்ஸிகோக் காலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இந்தக் காலு சரியாச்சாங்க?" என்று கேட்டாள். எது எந்த ஊர், எந்தக் காலம், தகரமா வெள்ளியா, வார்ப்பா தட்டா எல்லாம் சொன்னார். "அதில்லங்க, இந்த ஆளுக்குக் காலு சரியாச்சான்னு கேட்டேன்." அதெல்லாம் யார் கேட்பார்கள் என்றார். வித்தவன்கிட்ட கேட்டிருக்கலாமே என்றாள். யாரோ ஒருத்தி மண்டியிட்டு மாட்டியதை எவனோ கழற்றி விற்க, நாம் வாங்கிவந்து கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியதே இல்லையா? தோன்றியது. தோன்றும்போதெல்லாம் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொண்டார். கிரேக்கத்துக்காரி கண்ணுக்கும் மெக்ஸிகோக்காரன் காலுக்கும் அது போதுமானதாக இருந்தது. அவர்கள் வந்து ஆட்டோவில் உட்கார்ந்து போட்டீங்கதானே என்று கேட்கப்போவதில்லை.

"அய்யா, முறுக்கு எடுத்துக்கங்க, வெறும் வயித்தோட இருக்காதிங்க" என்று செல்லாயி டப்பாவை நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டார். கடித்தால் சத்தம் கேட்குமே என்று வாயில் வைத்து ஊறவிட்டார். உப்புக் கரித்தது. தியேட்டர் கதவு திறந்தது, மூடியது, யாரும் வரவில்லை. எவ்வளவு நேரமாகிவிட்டது? இவ்வளவு நேரம் ஆனால் ஏதோ சிக்கல் என்று அர்த்தமா, இல்லை ஜாக்கிரதையாகச் செய்கிறார்கள் என்று அர்த்தமா? எல்லாம் ஒழுங்காக நடக்கும், அம்மனாவது கும்மனாவது, சர்க்கரையால் வந்த ரத்தக் கசிவுக்கும் உண்டியலில் விழாத வெள்ளிக்கும் என்ன சம்பந்தம், ஒரு பாய்லர் வெடித்தால் வால்வைப் பார்ப்பாயா வேண்டுதலைப் பார்ப்பாயா என்று தன்னையே அதட்டினார். சரி, சம்பந்தமில்லை. அம்மனே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏமாந்தது யார்? அம்மன் இல்லையென்றால் ஏமாந்தது திலகா மட்டும்தான். அவள் ஒருத்தி மட்டும். அது இன்னும் மோசமாக இருக்கிறதே. அம்மன் இருந்துவிட்டால் தேவலை போலிருக்கிறது, பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஆளாவது இருக்கும்.

இதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். ஒரு சபலம், கை நீண்டுவிட்டது, யாருக்குத்தான் இல்லை. கொண்டுவந்த புதிதில் பயம் இருந்தது, ஒளித்து வைத்தார், இரும்பு பீரோவின் மேல் தட்டில் பழைய பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில். ஒளித்து வைத்த பொருளைச் சேகரிக்கிறவனால் எத்தனை நாள் தாங்க முடியும்? போட்டோ எடுத்து, உலகம் பூராவும் இருக்கிற சேகரிப்பாளர்கள் சேர்ந்த இணையக் குழுவில் போட்டார். லிஸ்பன்காரனும் ஒசாகாக்காரியும் ஆகா ஓகோ என்றார்கள், எங்கே பிடித்தீர்கள் இப்படி ஒன்றை என்றார்கள். செல்போனை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபோது காப்பி கொண்டுவந்த திலகவதி, "என்ன, புதுசா ஏதும் வந்திருக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல, பழசுதான்" என்றார். பிறகு அவளுக்குப் புகை கூடியது. எதிரே வருகிறவரைக் குரல் கேட்டுத்தான் அடையாளம் சொன்னாள். டம்ளரை மேசை ஓரம் தடவி வைத்தாள். அந்த வாரம்தான், அதே வாரம், தப்பாமல் அதே வாரம், இவர் பீரோவைத் திறந்து கண்மலரை எடுத்து, பருத்தித் துணியால் துடைத்து, ஷோகேஸின் நடு வரிசையில் கொண்டுவந்து வைத்தார். விளக்கு நேராக விழுகிற இடம். ஏன் அந்த வாரம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கை செய்தது, தலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, பேப்பரும் கையுமாக அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அவள் ஈரத்துணியோடு ஷோகேஸ் கண்ணாடியைத் துடைக்க வந்தாள். தெரியாத கண்ணோடு துடைப்பதால் முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மூக்கு இடிக்காத குறையாக, மேலிருந்து கீழே ஒவ்வொரு சாணாகத் துடைத்துக்கொண்டே வந்தாள். நடு வரிசைக்கு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் கண், அந்தப் பக்கம் அவள் அம்மா வீட்டு வெள்ளிக் கண். அவருக்குப் பேப்பரில் ஒரு எழுத்து ஓடவில்லை. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. பிறகு துணி அடுத்த வரிசைக்கு இறங்கியது. தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. அப்போது அவருக்கு உள்ளே ஏற்பட்டது என்ன? வருத்தமா? நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருக்கிறவளுக்குத் தன் சொந்தப் பொருளே தெரியாமல் போய்விட்டதே என்றா? இல்லை. நிம்மதி. மூச்சு விட்டு, பேப்பரைத் திருப்பி, விளையாட்டுப் பக்கம் வாசித்தார்.

அதுதான். அதைத்தான் இவ்வளவு நேரமாக ஃபேன் பேரிங்கும் கிரேக்கக் கிழவனுமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், டாக்டர் பெண் சொன்ன மாதிரி நல்லா வந்தால், அவள் வீட்டுக்கு வருவாள், ஒரு மாசத்தில் துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியைத் துடைக்க வருவாள், நடு வரிசைக்கு வருவாள். அப்படியானால் நீ என்ன வேண்டுகிறாய் நமசிவாயம்? சொல். வாயைத் திறந்து சொல். வராமல் போகட்டும் என்று ஒரு மூலையில் ஒரு பொட்டளவு, இல்லை, இல்லவே இல்லை, சீ. அவர் தலையை உதறிய வேகத்தில் செல்லாயி திரும்பிப் பார்த்தாள். பொட்டளவு என்று சொன்னாய் அல்லவா, பொட்டளவு இருந்ததா இல்லையா? காலையில் ஷோகேஸைத் திறந்தும் எடுக்காமல் வந்தாயே, வரிசை அழகா காரணம்? எடுக்க வேண்டிய அவசியம் வராது என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியதோ? கும்பிடத் தெரியாதவர், யாரைக் கும்பிடுவது என்றும் தெரியாதவர், கையைச் சட்டைப் பையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, தெரியட்டும், நன்றாகத் தெரியட்டும், அதைத்தான் முதலில் பார்க்கட்டும், பார்த்துவிட்டு என் முகத்தில் காறித் துப்பட்டும், தெரிந்தால் போதும் என்று உதட்டை அசைத்தார். சொல்லி முடித்ததும், இது நிஜமா, இல்லை பயத்தில் சொன்னதா என்று சந்தேகம் வந்தது. அவருக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

செல்லாயி புருஷனை முதலில் கொண்டுவந்தார்கள். கண்ணில் கட்டோடு சக்கர நாற்காலியில் வந்த அந்த மனிதன், "கரும்பு லோடு ஏத்தியாச்சான்னு கேளு" என்றான் முதல் வேலையாக. "உன் கரும்புல இடி விழ" என்று சொல்லிக்கொண்டே அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஓடும்போதே திரும்பி, "அம்மாவுக்கு ஒண்ணும் ஆவாதுங்கய்யா" என்றாள். பிறகு நாற்காலிகள் காலியாக இருந்தன. முறுக்கின் மிச்சம் கையில் பிசுபிசுத்தது. "திலகவதி அட்டெண்டர் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டபோது, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட பையன் மாதிரி "உள்ளேன்" என்று எழுந்தார். டாக்டர் பெண் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ரத்தத்தை எடுத்தாச்சு சார், நல்லபடியா முடிஞ்சது, பார்வை எவ்வளவு வரும்னு போகப் போகத்தான் தெரியும், உள்ளே காற்று நிரப்பியிருக்கு, கொஞ்ச நாள் முகத்தைக் கீழே போட்டே படுக்கணும் என்றாள். போகப் போகத்தான் தெரியும். அவர் ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டு, சதவீதம் எதுவும் கேட்காமல் வார்டுக்குள் போனார்.

திலகவதி குப்புறப் படுத்திருந்தாள். நெற்றி தலையணையில் பதிந்திருந்தது. பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, காலையில் அவரேதான் பின்னிவிட்டார், கோணலாகத்தான் வந்திருந்தது. முகம் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

"வலிக்குதா திலகா?"

"மரத்துப் போயிருக்கு. கழுத்துதான் இழுக்குது. நீங்க ஏதாச்சும் சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் நாளைக்குச் சொல்லலாம், டிஸ்சார்ஜ் ஆன பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார். "திலகா, அத நான் உண்டியல்ல போடல" என்றார்.

"எத?"

"கண்மலர. நீ குடுத்தது. கடையில வேற வாங்கிப் போட்டேன், தகரத்துல. உங்க வீட்டுது என்கிட்டதான் இருக்கு. உருக்கிடுவாங்களேன்னு... இல்ல, அதெல்லாம் சும்மா. எனக்கு வேணும்னு இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

அவள் முதுகு மூச்சுக்கு ஏறி இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"எங்க வச்சிருக்கீங்க?"

"ஷோகேஸ்ல. நடு வரிசையில."

"அந்தக் கண்ணாடிய நாந்தானே துடைக்கிறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ கணக்கு சரிபார்க்கிறவள் மாதிரி சொன்னாள். "நடு வரிசையில என்னமோ புதுசா மினுங்குதேன்னு நினைச்சேன். கிட்டப் போயும் தெரியல. அது என்னதுன்னு உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

அவர் அழுதார். ஸ்டூலில் உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயது ஆள், தோள் குலுங்க அழுதார். "உன் கண்ணுக்குன்னு நீ வேண்டிக்கிட்டத நான் திருடிட்டேன். உனக்கு இப்படி ஆனது..."

"என் கண்ணுக்கா? யாரு சொன்னா?" என்றாள் திலகவதி. தலையைத் தூக்கப் போனாள், நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து மறுபடி பதித்துக்கொண்டாள். "அது உங்களுக்குங்க. அந்த மாசி மாசம் எடது கண்ணுல கொசு பறக்குது, மின்னலடிக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க பாருங்க. டாக்டரு என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு, உள்ள திரை கிழிஞ்சாலும் கிழியும், பாத்துக்கங்கன்னு. நீங்க பயந்து சாவீங்களேன்னு நான் சொல்லல. எனக்கும் அப்பத்தான் மங்க ஆரம்பிச்சிருச்சு. எனக்குப் போனாலும் போவட்டும், உங்க கண்ணாவது இருந்தா ரெண்டு பேருக்கும் ஆச்சுன்னு நினைச்சேன். யாருக்கு வேண்டுறமோ அவங்க கையாலதான் போடணும், அதான் உங்ககிட்ட குடுத்து அனுப்பினேன்." இழுத்த கழுத்தை லேசாக நகர்த்திக்கொண்டாள். "வீட்டுக்குப் போனதும் எடுத்துட்டுப் போய்ப் போட்ருங்க. எனக்கு அத ஒரு தடவ தடவிப் பாக்கணும், அப்புறம் போடுங்க. இப்ப உங்களுக்கு நல்லாத்தானே தெரியுது?"

வேண்டுதல் அவள் கண்ணுக்கு இல்லை. அவள் கண்ணை அவர் கெடுக்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு அவரைக் கேட்காமலே வெளியே வந்தது, கண்ணீர்கூடச் சட்டென்று நின்றது. அது முழுதாய் வெளியே வருவதற்குள் இன்னொன்று பின்னாலேயே வந்தது. அப்படியென்றால் என் கண். மூன்று வருஷமாகக் காவல் இல்லாமல் கிடக்கிறது என் கண். நமசிவாயம் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பலகையை இடது கண்ணால் மேலிருந்து வாசித்தார். பார்வையாளர் நேரம், செருப்பைக் கழற்றவும், சத்தம் போடாதீர்கள். கடைசி வரி லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். "என்னங்க, தெரியுதுல்ல?" என்று திலகவதி மறுபடியும் கேட்டபோதுதான், கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த அவள் கை ரொம்ப நேரமாக அவரைத் தேடித் துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.